சுடாத துவக்கின் விலை

லண்டன் குட்மேய்ஸில் நிசாந்தன் வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்த ரைபிள், தான் சுட்ட குண்டுகளைத் திரும்ப வாங்கத் தொடங்கியது விஜயதசமிக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை காலையில். முதல் நாள்வரை நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை சுட்டிருந்த துவக்கு, அன்று நாலாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு தடவைதான் சுட்டிருந்தது. நிசாந்தனுக்கு இந்தக் கணக்கு பிசகாது. பழைய பாயின்ட் டூ டூ ரைபிள்களைச் சேகரிப்பவர்களுக்கு விலை மதித்துக் கொடுப்பதுதான் அவருடைய தொழில். குழல் நுனியில் சுண்டுவிரலை வைத்தால் அது எத்தனை தடவை சுட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அகதியாக வந்து ஏலக் கடையொன்றில் தரை துடைத்த நாட்களில் தற்செயலாகத் தெரியவந்த விஷயம் அது. கடைக்காரர்கள் மூன்று தடவை சோதித்துப் பார்த்துவிட்டு, துடைப்பத்தை வாங்கிக்கொண்டு உட்காரக் கதிரை கொடுத்தார்கள். பிறகு பொலிசில் பதிந்து, சுவரோடு சேர்த்துப் பெட்டி பூட்டி, வீட்டிலேயே தொழில் நடத்தினார்.

ரைபிள் இரண்டு தெரு தள்ளி, பிறந்த வீட்டிலேயே வசிக்கும் டயனா என்ற எழுபத்தாறு வயது ஆங்கிலேயப் பெண்மணியுடையது. அவருடைய அப்பா வாங்கியது. கணவர் பெயரில் இருந்த அனுமதி கணவரோடு போய்விட்டதால் விற்கக் கொடுத்திருந்தார். நிசாந்தன் முந்நூறு பவுண் என்று எழுதிவைத்தார். அந்த வாரம் ஆயுதபூசை வந்தது. அவர் மனைவி வசந்தமலர், மகள் லக்‌ஷிகாவின் மடிக்கணினி, வான் வண்டியின் திறப்புக் கொத்து, நிசாந்தனின் உருப்பெருக்கிக் கண்ணாடி எல்லாவற்றையும் சரஸ்வதி படத்துக்கு முன் அடுக்கினார். இரும்புப் பெட்டிக்குள் தனியாகக் கிடப்பது பாவம் என்று ரைபிளையும் கேட்டு வாங்கி, சந்தனப் பொட்டும் வைத்தார். பூசைக்கு வைத்த பொருள் அன்று ஓய்வெடுக்க வேண்டும், மறுநாள் எடுத்து ஒரு தடவையாவது வேலை தொடக்க வேண்டும் என்பது முறை. மறுநாள் மகள் நாலு வரி தட்டினாள், வான் தெருவை ஒரு சுற்றுச் சுற்றியது, கண்ணாடியால் நிசாந்தன் ஒரு சில்லறைக் காசைப் பார்த்தார். ரைபிளை மட்டும் யாரும் தொடக்கவில்லை. இந்த வகைத் துவக்கில் ஊசி தோட்டாவின் நடுவில் அடிக்காது, விளிம்பில் அடிக்கும். தோட்டா இல்லாமல் விசையை இழுத்தால் ஊசி குழலின் அடிவாயில் விழுந்து சின்னதாக ஒரு வடு வைக்கும். சேகரிப்பவர்கள் முதலில் தேடுவதே அந்த வடுவைத்தான். இருந்தால் விலையில் மூன்றிலொன்று போய்விடும். ஆகவே நிசாந்தன் அதைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். ஓய்வு முடியாத துவக்கு, செய்த வேலைகளையும் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக இல்லாமல் ஆக்கத் தொடங்கியது.

முதலில் டயனாவின் மேசை இழுப்பறையில் இருந்த இலக்கு அட்டைகளின் ஓட்டைகள் மூடின. பிறகு உயிர்கள் வந்தன. அவருடைய அப்பா சுட்ட புறாக்கள் வீட்டுத் தோட்டத்துப் புல்லிலிருந்து கிளம்பி, பறந்த திசையிலேயே பறந்து போயின. முயல்கள் எழுந்து, பாதி தின்ற முட்டைக்கோவா இலையின் மிச்சத்தைத் தின்றன. ஓர் எலி, அறுபத்திரண்டாம் ஆண்டு இருந்த சாக்கைத் தேடிக் கண்டுபிடித்துக் கடித்து முடித்தது. எல்லாம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. கவுன்சிலில் இருந்து ஆள் வந்து பார்த்து, படிவம் நிரப்பி, டயனாவின் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டுவிட்டுப் போனார். குண்டு குறையக் குறைய விலை ஏறியது: மார்கழியில் தொள்ளாயிரம் பவுண், தைப்பொங்கலுக்கு நாலாயிரம். பக்கத்து ஊரான பார்க்கிங்கில் இரண்டு பெற்றோல் நிலையம் வைத்திருக்கும் மன்னார் ஜெராட், சுவர் நிறையத் துவக்கு மாட்டியிருப்பவர், அடிக்கடி வந்து பார்த்தார். “நிசாந்தன் அண்ணை, ஒருக்காலும் சுடாததெண்டு உங்கட கையால எழுதித் தந்தா முப்பதாயிரம் தாறன். அப்பிடி ஒண்டு உலகத்தில இல்லை” என்றார். முப்பதாயிரத்தைவிட அந்தக் கடைசி வசனம்தான் நிசாந்தனை ஆட்டிவைத்தது. அப்படி ஒரு சான்றிதழை எழுதும் முதல் ஆளாக இருக்க அவர் ஆசைப்பட்டார்.

மாசியில் டயனா தேநீர் குடிக்க வந்தார். பேச்சுவாக்கில், அந்தத் துவக்கு வீட்டுக்கு வந்த அன்றே தன் உயிரைக் காத்தது என்றார். அவருக்கு அப்போது ஆறு வயது. மழை நாள். யாருடையதென்று தெரியாத, வெறிபிடித்த நாயொன்று சமையலறைக்குள் புகுந்து அவர் கழுத்தைப் பார்த்துப் பாய்ந்தது. அப்பா கடையிலிருந்து அப்போதுதான் கொண்டுவந்த துவக்கின் பொதியைப் பிரித்து, சுட்டார். அதுதான் அந்தத் துவக்கின் முதல் குண்டு. இதைச் சொல்லிவிட்டு டயனா இன்னொரு வடை எடுத்துக்கொண்டார். வசந்தமலர்தான் வடைத் தட்டை வைத்துவிட்டு இரும்புப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார், ஏனென்றால் கோவா இலையைத் தின்று முடித்த முயலை அவர் கண்ணால் கண்டிருந்தார்.

எண்ணிக்கை ஒன்றுக்கு வந்த புதன்கிழமை வசந்தமலர் கணவனுக்கு முன் வந்து நின்றார். “இஞ்சேருங்கோ, ஒருக்கா விசையை இழுத்து விடுங்கோ. வேலை தொடங்கினாச் சரி.”

“சனிக்கிழமை ஜெராட் வாறார். அதுவரைக்கும் பொறும்.”

“அந்த மனுசியின்ர உயிரப்பா!”

“கதவுகளைப் பூட்டச் சொல்லியிருக்கிறன். நாய் பூட்டைத் திறக்குமே?” என்றார் நிசாந்தன். சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சுண்டுவிரல் ஒன்றும் இல்லை என்றது. வசந்தமலர் உடனே டயனாவுக்குத் தொலைபேசி எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். கதவெல்லாம் பூட்டித்தான் இருக்கிறது என்று டயனா நிதானமாகச் சொன்னார். ஆனால் எழுபது வருடத்துக்கு முன் சமையலறைக் கதவு இருந்த இடத்தில், சுவரைத் தள்ளிக்கொண்டு ஒரு நாய் உள்ளே வந்து நிற்கிறது, நன்றாக நனைந்திருக்கிறது என்றார். “இழுங்கோ!” என்று வசந்தமலர் கத்தினார். ரைபிள் நிசாந்தனின் கையில் இருந்தது. வடு இல்லாத, ஒருமுறையும் சுடாத, உலகத்தில் ஒன்றே ஒன்றான ரைபிள். ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் அவர் அதைப் பார்த்தார். பிறகுதான் இழுத்தார். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

நாய் நின்றுவிட்டது. குண்டு இல்லாத அடி என்பதால் சாகவில்லை, தரையிலும் விழவில்லை. வாய் திறந்தபடி, டயனாவின் கழுத்துக்கு ஒரு சாண் தள்ளி, அந்தரத்தில் நின்றது. உடனே இழுத்திருந்தால் அது சுவரோரமே நின்றிருக்கும். நிசாந்தன் தயங்கிய அந்த ஒரு மூச்சில்தான் அது சமையலறையைக் கடந்தது, இதை அவருக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. மறுநாள் ஜெராட் வந்து வடுவைப் பார்த்தார். “இனி இது விறகு, அண்ணை” என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மையான தோட்டா போட்டுச் சுட்டு முடித்துவிடலாம் என்று நிசாந்தன் முயன்றார். வடு மறித்ததால் தோட்டா உள்ளே போகவில்லை. திருத்துபவர்கள் மூவர் அராவி எடுத்தார்கள், மூன்று தடவையும் வடு மறுநாள் அதே இடத்தில் இருந்தது.

டயனா போகும் இடமெல்லாம் நாயும் முன்னால் மிதந்து போகிறது. ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் ஆட்கள் வழிவிடுகிறார்கள். மீன்கடையில் அது மறைப்பதால் மீனைப் பக்கவாட்டில் தூக்கிக் காட்டுகிறார்கள். டயனா அதற்கு மழைத்துணி தைத்துப் போட்டிருக்கிறார். வாரத்துக்குள் அந்தச் சாண் ஒரு விரல் அளவுக்குக் குறுகிவிடும். வெள்ளிக்கிழமை காலை நிசாந்தன் விசையை ஒரு தடவை இழுத்தால் மறுபடி சாணாகும். ஒரு வெள்ளியும் அவர் தவறியதில்லை. ஒவ்வொரு அடியிலும் ஊசி தேய்கிறது, அதற்கு வேறு ஊசி பொருந்துவதில்லை. இன்னும் எத்தனை அடி தாங்கும் என்று சுண்டுவிரல் சொல்லிவிட்டது: இருபத்தேழு. கடைசி அடி டிசம்பர் பதினெட்டு. வசந்தமலர் கேட்டபோது “கனக்கக் கிடக்கு” என்றார். போன வாரம் டயனா சந்தோஷமாக வந்து, கிறிஸ்துமஸுக்குக் கனடாவில் மகளிடம் போவதாகவும், தரையில் படாததால் நாய்க்கு விமானத்தில் கட்டணம் இல்லை என்றும், அங்கே இருக்கும்போதும் வெள்ளிக்கிழமைகளை மறக்காமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டார். “ஓம், பாக்கிறன்” என்றார் நிசாந்தன். திரும்பி வரும் டிக்கெட்டை டயனா ஜனவரி ஒன்பதுக்குப் போட்டிருக்கிறார்.