ஒரு சுற்று அதிகம்

கூட்டேரிப்பட்டுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டியில் 'பட்' என்று ஒரு சத்தம். அதோடு என்ஜின் அடங்கிவிட்டது. கோதண்டபாணி ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தார். ஸ்பார்க் பிளக் வெளியே வந்து, ஒயரைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

"இன்னாங்க ஆச்சு?" பின்சீட்டிலிருந்து அவர் மனைவி காந்திமதி இறங்கினாள்.

"பிளக்கு வெளிய வந்துடுச்சு."

"நேத்துதானே கழட்டி மாட்டினீங்க?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஏழே முக்கால். ஒன்பது மணிக்கு விழுப்புரத்தில் மாறுதல் கலந்தாய்வு. காந்திமதி பனமலைப் பக்கம் கிராம செவிலியர். இந்த வருடம்தான் திண்டிவனத்திலேயே, வீட்டுக்குப் பக்கத்தில், ஓர் இடம் காலியாகியிருந்தது. பட்டியலில் இவள் ஏழாவது. மூன்று முறை கூப்பிடுவார்கள். ஆள் இல்லையென்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள்.

நான்கு வருடமாக விடியற்காலை ஐந்தரைக்கு அவளை ஏற்றிக்கொண்டு போய் அங்கே விட்டு, திரும்பி வந்து மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போட நிற்கிறார். சாயங்காலம் மறுபடி போய்க் கூட்டி வருகிறார். ஐம்பத்திரண்டு வயது முதுகு எழுபது வயது முதுகாகிவிட்டது. இன்றோடு அதற்கு ஒரு முடிவு வரும் என்றுதான் நேற்று சாயங்காலம் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிளேடு விட்டு இடைவெளி பார்த்து மாட்டினார். நடுவழியில் நின்றுவிடக் கூடாதே என்று ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, இன்னும் ஒரு சுற்று முறுக்கினார். அப்போது ஏதோ நறுக்கென்றது. நன்றாகப் பிடித்துவிட்டது என்று நினைத்தார்.

இப்போது கையால் திருகிப் பார்த்தார். சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை.

இரண்டு பேரும் வண்டியைத் தள்ளினார்கள். கஞ்சி போட்ட புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பின்னாலிருந்து தள்ளினாள். கூட்டு ரோட்டில் நிறுத்தாமலே இரண்டு பஸ் போனது. மூன்றாவது பஸ்ஸில் அவளை ஏற்றியபோது மணி எட்டரை.

"ஜல்தியா போயிடும், பயப்படாதே" என்றார்.

"பயப்பட இன்னா இருக்கு?" என்று சொல்லி அவள் கூட்டத்துக்குள் நுழைந்தாள்.

கூட்டு ரோட்டு மெக்கானிக் ஆரோக்கியராஜ் பிளக்கை வெளிச்சத்தில் காட்டினான். அதன் திருகு மரையில் அலுமினியத் தூள் சுருள் சுருளாக ஒட்டியிருந்தது.

"பிளக்கு சூப்பரா இருக்குண்ணே. என்ஜின் ஹெட்டோட மரையைத்தான் தின்னுட்டீங்க. இன்னா, டிராக்டருக்கா போல்ட்டு முறுக்கினீங்க?"

"லூஸாயிடக் கூடாதுன்னு..."

"கையாலயே சுத்தி உள்ள வுடணும். வாஷர் ஒக்காந்ததும் ஸ்பேனர்ல அரைச் சுத்து, அவ்ளோதான். இப்ப ஹெட்டைக் கழட்டி லேத்துக்குக் குடுத்து, புது மரை வெட்டின புஷ் போடணும்."

கோதண்டபாணி பெஞ்சில் உட்கார்ந்தார். மண்டியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது; எடுக்கவில்லை. ஒன்பது அடித்தது. ஒன்பது இருபது. ஆரோக்கியராஜ் டீ நீட்டினான். ஆடை படியும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

பத்து மணிக்கு காந்திமதி கூப்பிட்டாள்.

"விக்கிரவாண்டியில டிராபிக்கு. நான் உள்ள போவசொல்லோ பதினொண்ணாவது ஆளு கையெழுத்து போட்டுக்கினு இருந்தாங்க."

"கேட்டுப் பாக்கலியா?"

"கேட்டேன். அடுத்த வருஷம் பாக்கலாம்னுட்டாங்க."

"நான்தான்... நேத்து ரொம்ப முறுக்கிட்டேன், காந்தி." திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

அந்தப் பக்கம் யாரோ யாருக்கோ வாழ்த்துச் சொல்லும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல். "வுடுங்க. வண்டி எப்ப ரெடியாவும்? காலைல அஞ்சரைக்குக் கெளம்பணுமே."

அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு ஆரோக்கியராஜைப் பார்த்தார்.

"இன்னிக்கே குடுத்துடுவியாப்பா?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு வாங்கண்ணே."

"ஆறு மணிக்கு ரெடியாயிடுமாம்" என்றார் போனில்.

"சரி" என்றாள். "நான் பஸ்ஸுலயே வந்துக்கறேன். நீங்க எதுனா சாப்புடுங்க."