மோரில் கரைந்த மாத்திரை

அண்ணன் பாண்டிராஜ் மர நாற்காலியில். மதினி ஆவுடைத்தாய் சுவரில் சாய்ந்து பாயில். அவர்கள் மகள் காளீஸ்வரி அடுக்களை வாசலில். மடியில் எழுதும் அட்டையோடு நான் ஜன்னலோரம். இலஞ்சி வீட்டில் அன்று இருந்தவர்கள் இவ்வளவுதான். வெளியே சாரல், குற்றாலம் போகிற வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின.

மதினிக்கு நுரையீரலில் புற்று. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி ஆராய்ச்சியில் சேர்த்திருந்தோம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசி அங்கே இலவசம். வெளியே வாங்கினால் வயலை விற்றாலும் காணாது. கூடவே தினம் ஒரு மாத்திரை. சர்க்கரைக்குக் கொடுக்கிற பழைய மருந்துதான். ஊசிக்கு அது துணை நிற்குமா என்று பார்த்தார்கள். பாதிப் பேருக்கு அந்த மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது டாக்டருக்கே தெரியாது. வேறு மாத்திரை எதுவும் கொடுக்கமாட்டேன் என்று அண்ணன் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஆயுள் முழுக்கப் போலீஸ் வேலை பார்த்தவர். தெரியாது என்று எவன் சொன்னாலும் நம்பமாட்டார். மதினிக்கு வெறும் மாத்திரையைத்தான் தள்ளிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, தன்னுடைய சர்க்கரை மாத்திரையைப் பொடித்து மோரில் கலந்து கொடுத்துவந்திருக்கிறார். மதினிக்கே தெரியாது. வாந்தியும் பேதியும் நிற்காமல் போகவே ரத்தத்தைச் சோதித்தார்கள்; மருந்து அளவுக்கு மீறி இருந்தது. ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஊசியும் நின்றது. கட்டி சுருங்கத் தொடங்கியிருந்த நேரம்.

திரும்பச் சேர்க்கச் சொல்லித்தான் இந்தக் கடிதம். அனுப்புநர், பெறுநர், பொருள் எழுதிக் கோடு போட்டேன். அண்ணன் சொல்லத் தொடங்கினார். விவரமில்லாத என் மனைவி, என் மாத்திரையைத் தன்னுடையது என்று நினைத்து எடுத்துத் தின்றுவிட்டபடியால்…

என் பேனா நின்றது.

“எழுதுலே. நான் குடுத்தேன்னா திரும்பச் சேப்பானா? கையெழுத்துப் போட்டவனே நாந்தான.”

“ஸ்டேஷன்லயும் இப்படித்தான் வாக்குமூலம் எழுதுவீங்களாப்பா?” என்றாள் காளீஸ்வரி.

மதினி சிரிக்கப் போய் இருமினாள். இருமல் அடங்க நேரமானது.

“எழுதுங்க தம்பி. மோரு கசக்குதேன்னு கேட்டேன். வெந்தயம்னு உங்க அண்ணன் சொன்னாவ. அந்த வெந்தயத்தையும் நானே போட்டுக்கிட்டேன்னு எழுதுங்க.”

அண்ணன் சொன்னபடியே எழுதினேன். அண்ணன் கையெழுத்துப் போட்டார்; ஒப்புக்கொண்டு கீழே மதினியும் போட்டாள். ஈரத்தில் உறை ஒட்டவில்லை. தட்டில் தான் மிச்சம் வைத்திருந்த சோற்றிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கித் தேய்த்து, கட்டைவிரலால் வெகுநேரம் அழுத்திப் பிடித்திருந்தாள்.

பதிவுத் தபால்தான் என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தபால் ஆபீசில் நான் நீட்டிய உறையில் முத்திரை குத்தியபோது ஓரம் பிதுங்கிய சோறு குமாஸ்தாவின் விரலில் ஒட்டியது. அதை மேசை விளிம்பில் துடைத்துவிட்டு, கடிதத்தைப் பைக்குள் போட்டார்.