தெர்மோஸ்டாட்டும் தபால்காரியும்

என் அப்பாவும் என் கணவரும் பேச்சை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. ஒரே வீடுதான், அப்பா மாடியில், நாங்கள் கீழே. ஏதோ பெரிய சொத்துத் தகராறு என்று நினைத்துவிடாதீர்கள். அப்பா தன் பழைய காரை ஆசை ஆசையாக எங்களுக்குக் கொடுத்தார். கொடுத்த அன்றே அது நடுரோட்டில் நின்று ஆவி விட்டது. "இது காரா, டீ கெட்டிலா?" என்று இவர் கேட்டுவிட்டார். அவ்வளவுதான். "மாப்பிள்ளை" என்று வாய் நிறையக் கூப்பிட்ட அப்பாவுக்கு இவர் "உன் வீட்டுக்காரர்" ஆகிவிட்டார். இவருக்கு மாமா போய் "உங்க அப்பா" ஆகிவிட்டது. நடுவில் நான் தபால்காரி. வீட்டில் இருக்கும் ஒரே ஸ்பானர்கூட மாடிக்கும் கீழுக்கும் என் கையால்தான் போய் வரும்.

திங்கட்கிழமை மலைக்கு அந்தப் பக்கம் உள்ள பல் மருத்துவமனையில் நான் வேலைக்குச் சேர வேண்டும். குழந்தைகளை வளர்த்து ஆளாக்கிய பிறகு, நானாகத் தேடி வாங்கிய வேலை. அங்கே பஸ் போகாது. காரோ மேட்டைக் கண்டாலே சூடு காட்டும் முள்ளைச் சிவப்புக்கு ஏற்றிவிடும். மெக்கானிக் பார்த்துவிட்டு, தெர்மோஸ்டாட் போய்விட்டது என்றார். எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற சின்ன வால்வு அது. எங்கள் காரில் அது திறக்காமல் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். "அடுத்த வாரம்தான் எனக்குக் கை ஒழியும். ரெண்டே போல்ட்டும்மா, வீட்லயே மாத்திக்கலாம்," என்றார். எங்கள் வீட்டைப் பற்றி அவருக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை மூவரும் உதிரிபாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தார். எழுபத்தாறு, எண்பத்திரண்டு, எண்பத்தெட்டு. எத்தனை டிகிரியில் வால்வு திறக்கும் என்பதுதான் வித்தியாசம்.

"எழுபத்தாறு வாங்கும்மா. சீக்கிரம் திறந்தா நல்லதுன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு," என்றார் அப்பா.

"எஞ்சினைச் சூடாகவே விடலைன்னா பெட்ரோல் குடிக்கும். எண்பத்தெட்டுதான்னு உங்க அப்பாகிட்ட சொல்லு," என்றார் இவர், அப்பாவின் தோளை இடித்துக்கொண்டு நின்றபடி.

கடைக்காரர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது. "பழசுல என்ன நம்பர் அடிச்சிருக்கோ அதையே போடச் சொல்லுங்கம்மா, ரெண்டு பேர்கிட்டயும்," என்றார் என்னிடம். மெக்கானிக் கழற்றிக் கொடுத்திருந்த பழையதன் விளிம்பில் எண்பத்திரண்டு என்று இருந்தது. அதையே வாங்கினேன். அடுத்தவர் ஜெயிக்கவில்லை என்ற திருப்தியில் இருவரும் அமைதியாக வீடு வந்தார்கள்.

வந்ததும் அதைச் சோதிக்க வேண்டுமாம். நான் துணி உலர்த்திவிட்டு வருவதற்குள் என் பால் பாத்திரத்தில் தண்ணீர் சூடாகிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் தெர்மோஸ்டாட். அதற்கு மேல் இரண்டு மண்டைகள், முட்டிக்கொள்ளாத குறை. வால்வு மெல்ல வாயைத் திறந்தது.

"திறந்துடுச்சு," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். என்னைப் பார்த்து.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "இனிமே யார் சொன்னதையும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நேரா பேசிக்குங்க. இல்லைன்னா பேசாம வேலையைப் பாருங்க," என்றேன். பேசாமல் வேலையைப் பார்த்தார்கள்.

இவர்தான் அதைக் காரில் மாட்டினார். அப்பா மாடி ஜன்னலில் இருந்து வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் இவர் படுத்த பிறகு பானெட் திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன், அப்பா. "சும்மா தூசி தட்டினேன்மா," என்றார். மாலையில் அப்பா நடக்கப் போனதும் மறுபடியும் அதே சத்தம். இந்த முறை இவர். "போல்ட் இறுக்கமா இருக்கான்னு பார்த்தேன்," என்றார். குளியலறை சோப்பு கறுத்துப் போயிருந்தது. வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரையும் குடைந்து எடுத்திருப்பேன். நான்தான் வேலைநிறுத்தத்தில் இருந்தேனே, கண்டுகொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சோதனை ஓட்டம். நான் ஓட்ட, இவர் பக்கத்தில், அப்பா பின்னால். மலைப்பாதையில் இரண்டாவது வளைவிலேயே முள் சிவப்பைத் தொட்டது. அடுத்த வளைவில் ஆவி கிளம்பியது. ஓரம் கட்டினேன். நாளைக்கு வேலை போச்சு என்று நினைத்ததும் அடக்க முடியாமல் அழுகை வந்தது. "உங்க அப்பாகிட்ட..." என்று ஆரம்பித்த இவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். நான் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

எஞ்சின் நன்றாக ஆறட்டும் என்று காத்திருந்தோம். பிறகு இவர் போல்ட்டுகளைக் கழற்றினார். அப்பா எட்டிப் பார்த்தார்.

"ஸ்பிரிங் எஞ்சின் பக்கம்ல இருக்கணும்? அப்பதானே அதுக்குச் சூடு தெரியும்? தலைகீழா இருக்கே. நேத்து மத்தியானம்தானே சரியாத் திருப்பி வெச்சேன்," என்றார், மலையைப் பார்த்து.

ஸ்பானர் பிடித்த இவர் கை அப்படியே நின்றது. "நீங்க திருப்புனீங்களா? டப்பா மேல இருந்த படத்தைப் பார்த்தப்புறம்தான் தப்பா மாட்டிட்டேன்னு தெரிஞ்சது. சாயங்காலம் நானும் திருப்பிட்டேனே."

"திருப்புறதுக்கு முன்னாடி எப்படி இருக்குன்னு பார்க்க மாட்டீங்களா?"

"தப்பா வெச்சேன்னுதான் தெரியுமே. அப்புறம் பார்க்க என்ன இருக்கு?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, மாப்பிள்ளை?"

"நீங்களும் சொல்லியிருக்கலாம்ல, மாமா?"

சொன்ன பிறகுதான் என்ன நடந்தது என்று இருவருக்கும் உறைத்தது. திருதிருவென்று விழித்தார்கள். நான் ஸ்டியரிங்கில் இருந்து தலையைத் தூக்கவே இல்லை. தூக்கினால் மறுபடி என்னிடம் பேச ஆரம்பித்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. ஆனால் அழுகை மட்டும் எப்போதோ நின்றிருந்தது.

மூன்றாவது முறையாகத் திருப்பினார்கள், இந்த முறை நாலு கண்ணாலும் பார்த்து. குடிக்க வைத்திருந்த தண்ணீரை எல்லாம் ரேடியேட்டருக்கு ஊற்றினார்கள். கார் உச்சிவரை ஏறியது. முள் நடுவிலேயே நின்றது. இரண்டு வருட பாக்கியையும் இறங்குவதற்குள் பேசித் தீர்த்தார்கள். தீர்ந்ததும் என் பக்கம் திரும்பினார்கள்.

"பிரேக்கை ரொம்ப மிதிக்கிறா, மாமா."

"நானும் கவனிச்சேன், மாப்பிள்ளை. சொன்னாக் கேட்க மாட்டா."

திங்கட்கிழமை காலை நான் கிளம்பும்போது இருவரும் ஒன்றாக வாசலில் நின்றார்கள். "கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை திறந்து பார்த்துடலாமா, மாமா?" என்று இவர் கேட்பதும், "பார்த்துடலாம், மாப்பிள்ளை," என்று அப்பா சொல்வதும், பிறகு இருவரும் ஸ்பானரைத் தேடி உள்ளே ஓடுவதும் தெரிந்தது.

நான் வண்டியை எடுத்துவிட்டேன். ஸ்பானர் என் கைப்பையில் இருந்தது.