திறந்திருந்த கேட்டுக்கு ஒரு பூட்டு

1

இந்தக் கதை ஒரு பூட்டைப் பார்த்தபோது வந்தது. சிங்கப்பெருமாள் கோவிலில் ஜெனிட்டாவின் வீட்டுக்கு வேறொரு வேலையாகப் போயிருந்தேன். [என்ன வேலை என்று கேட்காதீர்கள், கதைக்குச் சம்பந்தமில்லை.] வீடு பூட்டியிருந்தது. மார்க்கெட்டிலிருந்து வந்தவள் கதவைத் திறந்துகொண்டே, "இந்தப் பூட்டு கோர்ட்டெல்லாம் பார்த்துட்டு வந்துகீது சார்" என்றாள். இப்படி ஒருத்தி சொன்னால், கதை எழுதுகிறவனுக்குச் சோறு இறங்குமா?

2

முதல் தொடக்கம்: "2001ஆம் ஆண்டு. மாமல்லபுரம் கடலில் அலைகள்…"

வேண்டாம். ஜெனிட்டா அந்தக் கடலைப் பார்த்தது கல்யாணமான புதிதில் ஒருமுறைதான்.

இரண்டாவது: "முதலாளியின் இரும்புக் கதவுகள் இறுக மூடிக்கொண்ட அந்தக் காலையில்…"

இதுவும் உதவாது. கதவு மூடவேயில்லை. சிக்கலே அதுதான்.

3

ஜெனிட்டா மறைமலைநகர்ப் பக்கம், கார்களுக்கு ஒயர்க்கட்டு செய்யும் கம்பெனியில் இருந்தாள். கம்பெனிக்கும் சங்கத்துக்கும் மூன்று வருடச் சம்பள ஒப்பந்தம். ஷிப்டுக்கு எத்தனை கட்டு என்பதுவரை அதில் பேசி முடித்தாயிற்று. ஒப்பந்தம் பாதி ஓடுவதற்குள் நிர்வாகத்துக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை கேட் விரியத் திறந்திருக்க, நடுவில் செக்யூரிட்டி நின்றான்.

"அதே சம்பளத்துக்கு கூட கட்டு போடறேன்னு கையெழுத்து போட்டா உள்ள போலாம். இல்லன்னா அப்டியே நில்லுங்க."

ஒருவரும் போடவில்லை. அன்று முழுக்கத் திறந்த கேட்டின் முன்னால் வெயிலில் நின்றார்கள்.

சங்கச் செயலாளர் அருணகிரி, இது கதவடைப்பு, சட்டவிரோதம் என்று மனு எழுதினார். ஆதாரத்துக்கு மறுநாள் போட்டோக்காரனைக் கூட்டிவந்தார். அவன் கேமராவில் வைத்த கண்ணை எடுத்தான்.

"இன்னா அண்ணாத்த, கதவடைப்புன்னு இட்டாந்தே. கதவு தொறந்துகினு கீதே?"

அருணகிரி தலையைச் சொறிந்தார். செக்யூரிட்டி டீ குடிக்கப் போயிருந்தான். ஜெனிட்டாவுக்கு ஆத்திரம் பொங்கியது. உள்ளே சாப்பாட்டுப் பை வைக்கும் லாக்கருக்கு அவரவர் சொந்தப் பூட்டு. சாயங்காலம் கழற்றி எடுத்துவருவார்கள். அவளுடையது பையில் இருந்தது.

"கேட்ட இழுத்து சாத்து அண்ணாத்த. பூட்டு எங்கிட்ட கீது."

சாத்தினார்கள், சங்கிலி சுற்றிப் பூட்டினாள். படம் எடுத்ததும் திறந்துவிட்டாள். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது இதுதான்.

4

[வேலை கிடக்கட்டும் என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். முதலாளி தகராறில் வேலை தர மறுத்தாலே கதவடைப்புதான். அந்த விளக்கத்தில் கதவும் இல்லை, பூட்டும் இல்லை! தமிழில் நமக்கு வாய்த்த சொல்தான் கதவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கையில், அதில் பேசி முடித்த விஷயத்துக்காக முதலாளி கதவடைக்கவும் கூடாது, தொழிலாளி வேலைநிறுத்தம் செய்யவும் கூடாது. ஆனால் தொழிலாளி அப்படி நிறுத்தியதால் முதலாளி கதவடைத்தார் என்றால், அது சட்டவிரோதம் ஆகாது. ஆக, முதலில் யார்?]

பொங்கல்வரை வேலையில்லை. கம்பெனி செய்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பானால் அத்தனை பேருக்கும் அந்தக் காலத்துச் சம்பளம் உண்டு. இல்லையென்றால் பட்டை நாமம்.

5

தொழிலாளர் நீதிமன்றத்தில் கம்பெனி வக்கீல், சங்கம் ஆதாரமாகக் கொடுத்த அதே படத்தைத் தூக்கிக் காட்டினார். "எங்கள் கேட் திறந்தேதான் இருந்தது. பூட்டியது இவர்கள். இது வேலைநிறுத்தம்." பிறகு கூண்டில் நின்ற ஜெனிட்டாவிடம் திரும்பினார்.

"இந்தப் பூட்டு யாருடையதும்மா?"

பின்வரிசையில் அருணகிரி, "கம்பெனிதுன்னு சொல்லு" என்று வாயசைத்தார். சாவி அவள் கைப்பையில்தான் இருந்தது.

6

முடிவு ஒன்று: "கம்பெனி பூட்டு சார்." [சொல்லுவாளா? அவளைப் பார்த்தால் நம்ப முடியவில்லை.]

முடிவு இரண்டு: "என்னுதுதான். ஆனா எங்களுக்குன்னு அந்தக் கதவு எப்பவோ…" [இது நான் எழுதிக்கொடுத்த வசனம். அடித்துவிட்டேன்.]

முடிவு மூன்று: நீதிபதி மெல்லச் சிரித்து… [நீதிபதிகள் எதற்குச் சிரிக்கப்போகிறார்கள்?]

7

பொறுக்கமாட்டாமல் அவளிடமே போய், அதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அன்னைக்கு என்னதான் சொன்னே?"

அவள் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னது கெடக்கட்டும் சார். நான் பூட்டு போட்டது செவ்வாக்கெழம. திங்கக்கெழம பூரா வெளியதான் நின்னுகினு இருந்தோம். கேட்டு தொறந்துதான் இருந்திச்சு. அன்னிக்கு அத யாரு மூடுனது? கத எழுதற ஆளாச்சே, நீங்க சொல்லுங்க."

அவள் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டாள்.

நான் எழுதிய ஜெனிட்டா இன்னும் கூண்டிலேயே நிற்கிறாள். நீங்கள் பதில் சொன்னால்தான் அவள் இறங்கமுடியும்.