தண்ணீர் வண்டிக்கு முன்னால் நின்ற எஞ்சின்

நிலக்கரி ரயில் எங்கள் கூடாரத்துக்கு எதிரே நின்றுபோனது. எஞ்சினுக்கு அடியில் கோபி பாலைவனத்து மணல் நனைந்து, அந்த ஈரமும் கண்ணெதிரே காய்ந்துகொண்டிருந்தது. எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது என்றார் ஓட்டுநர் சம்பில்.

எங்களுக்குக் குடிக்கிற தண்ணீர் ரயிலில்தான் வரும். அன்று வர வேண்டிய தண்ணீர் வண்டி இதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போவது ஒற்றைப் பாதை. மாற்று எஞ்சின் வர மூன்று நாள் ஆகும் என்று ரயில் நிலையத்திலிருந்து அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். வீட்டில் மீதி இருந்தது ஒரு பீப்பாய். அதில் தாயில்லாத என் ஒட்டகக் குட்டிக்கும் பங்கு உண்டு.

"குழாயக் கட்டிடலாம்கா," என்றார் சம்பில். "உள்ள ஊத்தத்தான் தண்ணி வேணும்."

"கெணத்துல எறச்சுக்கோ தம்பி."

"அந்த உப்புத் தண்ணியா? உங்க ஆடே மூஞ்சியத் திருப்பிக்குது."

அம்மா பீப்பாயைப் பார்த்தாள். "கட்டுனது மறுபடியும் பிச்சுக்கிச்சுன்னா?"

"எல்லாரும் நாக்கத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

அம்மா போய் வாளியை எடுத்தாள்.

சுற்றிக் கட்ட ரப்பர் இல்லை. நான் அப்பாவின் மோட்டார் சைக்கிளின் பழைய டியூபைக் கொண்டுவந்து சம்பிலின் காலடியில் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டேன்.

"வாயே தொறக்காம வேலைய முடிக்குது பாரு! அக்கா, கோம்போவுக்குப் பதிலா இவள அனுப்புங்க."

உதவி ஓட்டுநர் கோம்போ சூடு ஆறாத எஞ்சினுக்குள் இருந்து கத்தினான். "சம்பளத்தையும் அவளுக்கே குடுத்துடுங்க!"

டியூபைச் சுற்றிக் கம்பியால் முறுக்கினார்கள். வாளி வாளியாக ஊற்றினோம். பீப்பாயின் அடி தெரிந்தபோது சம்பில் கையை நீட்டித் தடுத்தார்.

"போதும்."

"இன்னும் கொறையுதேண்ணே," என்றான் கோம்போ.

"மெதுவா ஓட்டிக்கிறேன். குட்டி குடிக்கட்டும்."

எஞ்சின் இருமியது, நின்றது, மறுபடி இருமிப் பிடித்துக்கொண்டது. கட்டு சொட்டியது, ஆனால் பிய்யவில்லை. அதைக் கையால் அழுத்திப் பிடித்தபடியே கோம்போ உள்ளே உட்கார்ந்துகொண்டான். பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று, போகிற வண்டியின் பின்னால் அம்மா கரண்டியால் பால் தெளித்தாள். எனக்கு ஏதோ சொல்லத் தோன்றியது. அது தொண்டையைத் தாண்டுவதற்குள் கடைசிப் பெட்டியும் போய்விட்டது.

சாயங்காலம் தண்ணீர் வண்டி வந்தது. வழக்கமாகப் பீப்பாய் நிறைந்ததும் குழாயைச் சுருட்டிவிடுகிற ஆள் அன்று நின்றார். "வேற பாத்திரம் இருந்தா எடுத்துட்டு வாங்க. சம்பில் ஃபோன் பண்ணிச் சொன்னான், இந்த வீட்டுல ஒரு கிண்ணம்கூடக் காலியா இருக்கக் கூடாதாம்."

தொட்டி, கெட்டில், தேநீர்க் கிண்ணங்கள் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தோம்.

"அவங்க போய்ச் சேந்துட்டாங்களா?" என்று கேட்டேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சேந்துட்டானுங்க. கோம்போ கைதான் கொப்பளிச்சுக் கெடக்கு."

நான் உள்ளே ஓடி, காயவைத்த தயிர்க் கட்டிகளைத் துணியில் முடிந்து அவரிடம் நீட்டினேன்.

"கோம்போ அண்ணனுக்கு," என்றேன்.