சும்மாட்டு டோக்கன்

என் அப்பா காளியண்ணன் ரயில்வேயில் நீராவி என்ஜினுக்குக் கரி அள்ளிப் போட்டவர். ரயிலே இல்லாத கொல்லிமலையில் பிறந்து, ரயிலைத் தவிர வேறெதுவும் பேசத் தெரியாமல் ஓய்வு பெற்றுத் திரும்பியவர். கரி அள்ளும் இரும்பு வாரியிலேயே முட்டை பொரித்தது, ஓடும் என்ஜினிலிருந்து கையை நீட்டி ஒற்றைத் தண்டவாளத்தில் நுழைய அனுமதியான டோக்கன் வளையத்தைப் பிடித்து முழங்கை வீங்கியது என்று அவரிடம் மொத்தம் பதினோரு கதைகள். மலையில் எங்கள் பகுதியான திருப்புலி நாட்டில் அவற்றைக் கேட்காத ஆள் இருந்தால் அது நேற்றுப் பிறந்த குழந்தை. நீராவி என்ஜின் எத்தனை அழகு என்று யாராவது உருகினால், "அந்தச் சட்டையத் தொவைச்சவளக் கேளுங்க" என்பாள் அம்மா.

முப்பத்து மூன்று வயதில், ஏழாவது முறை எழுதிய தேர்வில், எனக்கு அரசு வேலை கிடைத்தது. அம்மா நல்ல நாள் பார்த்துப் பார்த்தே சேர வேண்டிய கடைசி நாளுக்குக் கொண்டுவந்து விட்டாள். அன்று மாலை ஐந்தே முக்காலுக்குள் நாமக்கல் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை போச்சு. துணைக்கு வருகிறேன் என்று அப்பாவும் பஸ்ஸில் ஏறினார். வினையும் கூடவே ஏறியது.

பாதி மலை இறங்கியதும் மண் சரிந்து கிடந்தது. இரண்டு வளைவு தூரத்துக்கு ஒரு வண்டி போகத்தான் இடம். இந்த முனையிலிருந்து அந்த முனை தெரியாது, போனுக்குச் சிக்னலும் கிடையாது. ஏறுகிறவனும் இறங்குகிறவனும் நடுவில் முட்டிக்கொண்டு, ஒருவன் தாயை ஒருவன் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா இறங்கினார். எங்கள் பஸ்ஸில் பலாப்பழம் விற்கப் போன ராமாயி அக்காவின் தலைச் சும்மாட்டைக் கேட்டு வாங்கித் தூக்கிக் காட்டினார்.

"இதுதானுங்க டோக்கன். இது கையில இருக்கற வண்டிதான் உள்ள போகோணும். அந்தப் பக்கம் போயிக் குடுத்தா, அங்கிருந்து ஒண்ணு வரும்."

கீழ் முனையில் நிற்க, பைக்கோடு மாட்டிக்கொண்ட பள்ளிக்கூட வாத்தியார் ஜான்பீட்டரை அனுப்பினார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அரை மணி நேரத்தில் இருபது வண்டி போய்விட்டது. அப்பா முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அடுத்தது எங்கள் பஸ். அதற்கு முன்னால் சும்மாட்டோடு இறங்கியது ஈஸ்வரமூர்த்தியின் மரவள்ளி லாரி.

சும்மாடு திரும்பி வரவில்லை. கால் மணி கழித்து ஜான்பீட்டர் மட்டும் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"அவர் குடுக்காமலே போயிட்டாருங்க ஐயா. கேட்டா, அடிவாரத்துல போலீசுக்குக் காட்டற பாஸ்ன்னு சொல்றாரு."

மணி மூன்றரை. "வாத்தியார் நடந்து வந்த ரோட்டுல ஒண்ணுமில்லீல்ல? போலாங்கப்பா" என்றேன்.

"அவரு இங்க வந்துட்டாரு. இப்பக் கீழ நின்னு மறிக்கறது யாரு?"

ராமாயி அக்கா இரக்கப்பட்டு முந்தானையைச் சுருட்டினாள். "இன்னொண்ணு சுத்தித் தாரேனுங்க."

"ஒரு லைனுக்கு ஒரு டோக்கன்தான். ரெண்டிருந்தா ரெண்டு வண்டி உள்ள வரும்."

டிரைவர் கெஞ்சினார். கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். அப்பா பஸ்ஸின் முன்னால் போய் நின்றுகொண்டார். பெற்ற மகளின் பிழைப்பைவிட ஒரு துணிச்சுருள் பெரிதாகப் போன மனுஷன் முன்னால் நானும் இறங்கிப் போய் நின்றேன்.

"நீங்களும் உங்க கரி வண்டியும் நாசமாப் போங்க!" என்று கத்தினேன். பஸ்ஸே கேட்டது.

"டோக்கன் வண்டிக்குத்தான் கண்ணு. மனுசிக்கு இல்ல. நடந்து போ" என்றார்.

ஒரு மணி நேரமாக எனக்கு அது தோன்றவே இல்லை. அந்தக் கோபத்தையும் அவர் மேலேயே வைத்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துச் சேற்றில் இறங்கினேன். கூடவே இறங்கி வந்த ஜான்பீட்டர், கீழ் முனையில் நிறுத்தியிருந்த தன் பைக்கில் ஏற்றிக்கொண்டார். அடிவாரத்து டீக்கடையில் அந்த லாரி நின்றது. கண்ணாடியில் சும்மாடு தொங்கியது. பிடுங்கி, மேலே போகும் ஜீப்பில் கொடுத்து, ஈஸ்வரமூர்த்திக்கு அவர் வம்சமே மறக்காதபடி நாலு வார்த்தை சொல்லிவிட்டு நாமக்கல் பஸ் பிடித்தேன்.

ஐந்து நாற்பதுக்குக் கையெழுத்துப் போட்டேன். சேறு காகிதத்திலும் பட்டது. வெளியே வந்து அப்பாவுக்குப் போன் செய்தேன், சண்டை போடத்தான்.

"சேந்துட்டேன். சும்மாடு கொண்டுவந்த ஜீப்புக்கு முன்னால கீழிருந்து ஏதாச்சும் வண்டி வந்துச்சா?"

"வல்லீங் கண்ணு."

"பாத்தீங்களா? விட்டிருக்கலாமில்ல?"

"வல்லீன்னு இப்பத் தெரியும். அப்பத் தெரியாதில்ல? ஒருக்கா எங்க டிரைவரு மணிவண்ணன் டோக்கன் இல்லாம, ஒண்ணும் வராதுன்னு வாய்ச்சொல்ல நம்பிப் போனாரு. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல், நான் என்ஜின்ல இல்ல. அவரு திரும்பி வல்ல."

இந்தக் கதை அந்தப் பதினொன்றில் இல்லை. முப்பது வருடமாக இவர் வாயை மூடச் சொல்லி வந்த நான், போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பஸ்ஸுல நீ இருந்தியே சாமி" என்றார் அப்பா.