சனிக்கிழமை வெளியே வந்த இருவாச்சி

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், மிச்சமிருக்கும் என் மூன்று பற்களும் இன்றைய சோற்றிலேயே உதிரட்டும்.

மெர்டேக்கா, மலாய் நாட்டுச் சுதந்திரம், வந்த வருடம். காஜா பெராங்கில் ஓர் அங்சானா மரத்தடியில், சனிக்கிழமைக் காலை, முக்காலியில் நின்ற கேமராவுக்குப் பின்னால் பொன்னுதுரை கைகட்டி நின்றிருந்தார். பக்கத்தில் கேமராவின் சொந்தக்காரர் எஸகியேல், கைகளைக் கால்சட்டைப் பைக்குள் புதைத்தபடி.

எஸகியேல் சிங்கப்பூர் யூதர். அவர்கள் வழக்கத்தில் இடிக்கு ஒரு துதி, கடலுக்கு ஒன்று, பூத்த மரத்துக்கு ஒன்று, அழகான உயிரைக் கண்டால் அதற்கும் ஒன்று. துதிக்குரியதையெல்லாம் படமெடுத்துப் புத்தகமாக்க அலைந்தார். அந்த மரப்பொந்தில் பெட்டை இருவாச்சி வாசலைச் சேற்றால் பூசி அடைத்துக்கொண்டு அடைகாத்தது. ஆண் ஒரு கீறல் வழியே ஊட்டியது. ஊட்டி ஊட்டி இளைத்து, கடைசியில் வெறும் அலகு மட்டும் பறந்து வந்ததை ஊரே பார்த்தது.

பொன்னுதுரை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். இப்போது முக்காலி சுமந்தார். "நீ எடுத்த படம் ஒன்று தேறினால் அடியில் உன் பெயரைப் போடுவேன்" என்று எஸகியேல் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் பொன்னுதுரைக்கு விடிவதே. மனைவி சந்திரமதி பண்டார் ஹிலிர் வரை போய் அதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள். காப்பிக்கடைக் கருணாகரன் மட்டும், "தொரையோட ஸ்டூலு வருதுலா, எந்திரிச்சு நில்லுங்கடா!" என்பான்.

வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி மாலை மூன்று நட்சத்திரம் தெரியும்வரை எஸகியேல் கேமராவைத் தொடமாட்டார். பிறரைத் தொடச் சொல்லவும் மாட்டார். அன்றைக்கென்று பார்த்துப் பொந்து உடைந்தது. பெட்டை வெளியே வந்து, நசுங்கிய வாலை நீவி, வெயிலில் இறக்கையை விரித்தது. எஸகியேல் அழுதுகொண்டே துதியை முணுமுணுத்தார். பொன்னுதுரைக்குப் பொறுக்கவில்லை. எட்டிக் கேமராவின் விசையை அழுத்திவிட்டார்.

மூன்றாவது நட்சத்திரம் வந்ததும் எஸகியேல் மலாயில் கேட்டார்: "யாருக்காக அழுத்தினாய்? யோசித்துச் சொல்."

பொன்னுதுரை தனக்காக என்று சொன்னால் படம் தேறும்; பெயரும் ஏறும். எஸகியேலுக்காக என்றால், அவர்கள் வழக்கப்படி ஓய்வுநாளில் தனக்காகப் பிறர் செய்த வேலையின் பயனை அவர் அனுபவிக்கக்கூடாது. அதை அவராகச் சொல்லிக்கொடுக்க முடியாது. அருகில் நின்ற சந்திரமதிக்கு எதுவோ உறைத்தது. புருஷன் முதுகில் கிள்ளினாள். "ஒங்களுக்காகன்னு சொல்லித் தொலைங்க!"

ஒரு தொரை முன்னால் நின்று 'எனக்கு' என்று சொல்லிப் பழகிய வாயா அது? "தொரைக்காகத்தான்."

"இன்னொரு முறை யோசி."

"சத்தியமா தொரைக்காகத்தான்."

எஸகியேலின் குரல் கெஞ்சியது. "பொன்னுதுரை, யாருக்காக?"

பொன்னுதுரை கைகூப்பினார். "என் உசுரே தொரைக்காகத்தான்."

எஸகியேல் கேமராவைத் திறந்து, கேஸ் விளக்கு வெளிச்சத்தில் ஃபிலிமை முழுதாக உருவிப் பாழாக்கிப் போட்டார். காலையில் சிங்கப்பூர் பஸ் ஏறினார்.

மறுவாரம் கருணாகரன் கடைச் சுவரில் கண்ணாடி போட்ட காலிச் சட்டம் ஒன்றை மாட்டி, அடியில் கொட்டை எழுத்தில் 'பொன்னுதுரை' என்று எழுதிவைத்தான். வருகிறவர்களெல்லாம் கிட்டப்போய் உற்றுப் பார்த்தார்கள். "அடேயப்பா, ரெக்கையப் பாருலா! ஒவ்வொரு மயிரும் தெரியுது!" சாகும்வரை பொன்னுதுரை அதன் கீழேதான் காப்பி குடித்தார். ஆளில்லாத நேரத்தில் கண்ணாடியைத் துண்டால் துடைத்தும் வைப்பார்.

வெள்ளி மாலை எஸகியேல் லென்ஸில் மாட்டிய மூடியை, சனிக்கிழமை முழுக்க யாரும் கழற்றவில்லை.